ஷெல்லின் ஊமைக்காயங்கள்

யூனிக்ஸ் வேலைக்கு ஆள் எடுக்கும்போது "ஷெல் ஸ்கிரிப்ட் தெரியுமா?" என்று கேட்பது வழக்கம். "எந்த ஷெல் சார்?" என்று திருப்பிக் கேட்டவர் யாரும் எனக்கு நினைவில் இல்லை. "தெரியும்" என்பார்கள். தங்கள் லேப்டாப்பில் இருக்கும் பேஷைத்தான் அவர்கள் மனதில் வைத்திருப்பார்கள். கேட்கப்படாத அந்தக் கேள்விதான் எனக்குப் பல வருஷம் சோறு போட்டது. வெளிநாட்டு நிறுவனங்களின் பழைய சோலாரிஸ், ஏஐஎக்ஸ், ஹெச்பி-யூஎக்ஸ் சர்வர்களை லினக்ஸுக்கு மாற்றும் வேலை சென்னையில் ஏராளமாக நடந்த காலம் அது. டேட்டாபேஸுக்கு ஒரு குழு, நெட்வொர்க்குக்கு ஒரு குழு இருக்கும். எழுதியவர் வேலையை விட்டுப் போய், யாரும் தொடப் பயந்து, க்ரானில் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்த ஸ்கிரிப்டுகள் என் பக்கம் வரும். "வெறும் ஸ்கிரிப்ட்தானே, காப்பி பண்ணிப் போட்டா ஓடப்போகுது" என்பார் மேனேஜர்.

ஓடும்தான். தொல்லையே அதில்தான் இருக்கிறது. ஒரு ஷெல்லுக்கு எழுதியது இன்னொன்றில் எரர் கொடுத்து நின்றுவிட்டால் பத்து நிமிஷத்தில் சரிசெய்துவிடலாம். எரரே இல்லாமல், வெற்றி என்று சொல்லிக்கொண்டு, வேறு வேலையைச் செய்துவிட்டுப் போவதுதான் ஊமைக்காயம். மேலே தழும்பே தெரியாது.

அந்த ஸ்கிரிப்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு முதல் வரி ஒன்றுதான்: #! குறி, அதை ஒட்டி /பின்/எஸ்எச். பார்ப்பதற்கு ஒரே புரோகிராமின் பெயர் மாதிரி இருக்கும். ஆனால் அந்த இடத்தில் எதை வைப்பது என்பதை ஒவ்வொரு சிஸ்டமும் தானே முடிவு செய்துகொண்டது. சோலாரிஸ் 10 வரை அங்கே இருந்தது பார்ன் ஷெல்: ஸ்டீபன் பார்ன் பெல் லேப்ஸில் எழுதி, 1979-இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வந்ததன் நேர் வாரிசு. 2011-இல் வந்த சோலாரிஸ் 11 அந்த இடத்தைக் கார்ன் ஷெல்லின் 93 பதிப்புக்குக் கொடுத்தது. ஏஐஎக்ஸில் எஸ்எச் என்றால் கார்ன் ஷெல்லின் 88 வகை. ஹெச்பி-யூஎக்ஸில் கார்ன் ஷெல்லிலிருந்து வளர்ந்த பாசிக்ஸ் ஷெல். ரெட் ஹாட்டில் பேஷ். உபுண்டுவில் 2006 அக்டோபரில் வந்த 6.10 முதல் டாஷ். முதல் வரி மாறாமலே ஸ்கிரிப்ட் ஆறு வெவ்வேறு கைகளில் போய் விழும்.

சோலாரிஸின் பார்ன் ஷெல்லைப் பற்றி எனக்கு மரியாதை உண்டு, அன்பு கிடையாது. கமாண்டின் விடையை வேரியபிளில் போட டாலர் குறியும் அடைப்பும் சேர்த்து எழுதினால் அதற்குப் புரியாது. பழைய சாய்ந்த மேற்கோள்தான் வேண்டும். எக்ஸ்போர்ட் செய்யும் வரியிலேயே மதிப்பையும் கொடுத்தால் ஏற்காது. முதலில் மதிப்பு, அடுத்த வரியில் எக்ஸ்போர்ட். ^ குறியை மேற்கோள் இல்லாமல் எழுதினால் அதைப் பைப் என்று எடுத்துக்கொள்ளும். பார்ன் ஷெல்லுக்கும் முந்தைய, கென் தாம்ப்சன் எழுதிய ஷெல் காலத்து வழக்கம் அது. பாஸ்வேர்டு ஃபைலில் ரூட் என்று தொடங்கும் வரியைத் தேட கிரெப்புக்குப் பின்னால் ^ போட்டு ரூட் என்று எழுதிய லினக்ஸ்காரருக்கு, "ரூட் என்ற கமாண்ட் கிடைக்கவில்லை" என்று பதில் வரும். பாவம், தலையைச் சொறிவார். இவை எல்லாம் கத்துகிற ரகம், பிழைத்துக்கொள்ளலாம்.

பார்னுக்கு ஆல்கால் 68 மொழி மேல் அபாரப் பிரியம். இஃப் என்பதைத் திருப்பிப் போட்டு எஃப்ஐ என்று முடிப்பதும், கேஸைத் திருப்பி எஸாக் என்று முடிப்பதும் அங்கிருந்து வந்தவை. டூ என்பதைத் திருப்பினால் ஓடி என்று வர வேண்டும். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு கமாண்ட் இருந்ததால் டன் என்று வைத்துவிட்டார். ஷெல்லின் மூல நிரலையே சி மொழியை மேக்ரோக்களால் மூடி ஆல்கால் போல எழுதியிருந்தார். அதைப் படித்துத் திகைத்தவர்கள் வேண்டுமென்றே புரியாத சி நிரல் எழுதும் போட்டியை 1984-இல் தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஊமைக்காயத்துக்கு வருகிறேன். பார்ன் ஷெல்லில் ஒரு வொயில் லூப்புக்கு ஃபைலைத் திருப்பிவிட்டால், லூப் முழுவதும் ஒரு துணை ஷெல்லில் ஓடும். உள்ளே ஏற்றிய எண்ணிக்கை லூப் முடிந்ததும் காணாமல் போகும். கார்ன் ஷெல்லிலும் பேஷிலும் அப்படி இல்லை. லூப் அதே ஷெல்லில் ஓடும், எண்ணிக்கை நிற்கும். சரி, கார்னும் பேஷும் ஒத்துப்போகின்றன என்று நிம்மதி அடைந்தால், அடுத்த வரியில் பைப் வரும். ஃபைலைத் திருப்பிவிடுவதற்குப் பதிலாக ஒரு கமாண்டின் வெளியீட்டைப் பைப் வழியாக லூப்புக்குக் கொடுத்தால், கார்ன் ஷெல் பைப்பின் கடைசிப் பகுதியைத் தன்னிடமே ஓட்டும். பேஷ் அதையும் துணை ஷெல்லுக்குத் தள்ளிவிடும்.

இதன் விலையை ஒரு நிதி நிறுவனத்தின் சர்வரில் பார்த்தேன். ஏஐஎக்ஸிலிருந்து வந்த ஸ்கிரிப்ட் அது. இரவு வந்து சேரும் பரிவர்த்தனை ஃபைலில் நிராகரிக்கப்பட்ட வரிகளைப் பைப் வழியாக லூப்புக்குக் கொடுத்து எண்ணும். எண்ணிக்கை சுழிக்கு மேல் இருந்தால் மெயில் அனுப்பும். புதிய லினக்ஸ் மெஷினில் கார்ன் ஷெல் நிறுவப்பட்டிருக்கவில்லை. எங்களுக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்த குழுவில் யாரோ முதல் வரியைப் பேஷ் என்று மாற்றிவிட்டுப் போயிருந்தார்கள். ஸ்கிரிப்ட் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடியது. லூப்புக்குள் எண்ணிக்கை ஏறியது. லூப்பை விட்டு வெளியே வந்ததும் பழைய சுழி. ஒவ்வொரு இரவும் "நிராகரிப்பு எதுவும் இல்லை" என்று லாகில் ஒரு வரி. மெயில் வராததால் எல்லோருக்கும் சந்தோஷம். எங்கள் குழுவில் இருந்த ஒரு பெண்தான் நிராகரிப்பு ஃபைலின் அளவு வளர்ந்துகொண்டே போவதைக் கவனித்து, "சார், இது காலியா இல்லையே, அப்புறம் எப்படி ஜீரோன்னு சொல்லுது?" என்று கேட்டார். 

இதில் எந்த ஷெல்லையும் குற்றம் சொல்ல முடியாது. பாசிக்ஸ் தரநிலை பைப்பின் ஒவ்வொரு பகுதியும் துணை ஷெல்லில் ஓடும் என்கிறது. கூடவே, விரும்பினால் சிலவற்றையோ எல்லாவற்றையுமோ நடப்பு ஷெல்லிலேயே ஓட்டிக்கொள்ளலாம் என்றும் அனுமதிக்கிறது. இருவருமே சட்டப்படி சரி. 2011-இல் வந்த பேஷ் 4.2, லாஸ்ட்பைப் என்று ஒரு விருப்பத்தைச் சேர்த்தது. அதைப் போட்டால் கார்ன் ஷெல் போல நடந்துகொள்ளும். ஆனால் ஜாப் கண்ட்ரோல் அணைந்திருக்கும்போது மட்டும்தான். ஸ்கிரிப்டுக்குள் வேலை செய்யும். டெர்மினலில் கையால் அடித்துச் சோதித்தால் வேலை செய்யாது. சோதித்துப் பார்த்துவிட்டு "இது ஓடலை சார்" என்று வருபவர்களிடம் இதை விளக்குவதற்குள் தேநீர் ஆறிவிடும். நான் அந்த விருப்பத்தைப் பயன்படுத்துவதில்லை. லூப்புக்குள் ஃபைலைத் திருப்பிவிடும்படி மாற்றி எழுதுவதே எனக்குப் பிடித்தது.

கார்ன் ஷெல்லையே நிறுவிவிட்டால் போகிறது என்றால், அதிலும் ஒரு கண்ணி உண்டு. டேவிட் கார்ன் எழுதிய அசல் ஷெல்லின் மூல நிரலை ஏடி அண்ட் டி 2000-இல்தான் திறந்துவிட்டது. அதற்கு முன் லினக்ஸில் கேஎஸ்எச் என்ற பெயரில் கிடைத்தது பொதுவெளியில் மற்றவர்கள் எழுதிய பிடிகேஎஸ்எச். அது பைப்பின் கடைசிப் பகுதியைத் துணை ஷெல்லில்தான் ஓட்டும். பெயர் கார்ன், நடத்தை பேஷ். 

இதை ஒட்டி டேவிட் கார்னே உறுதிசெய்த ஒரு கதை இருக்கிறது. விண்டோஸ் என்டி பற்றிய ஒரு யூஸ்நிக்ஸ் மாநாட்டில், என்டிக்கான யூனிக்ஸ் கருவித் தொகுப்பில் கார்ன் ஷெல்லும் வரும் என்றார் மைக்ரோசாஃப்ட் பேச்சாளர். அது எம்கேஎஸ் நிறுவனம் எழுதிய நகல், அசலின் 88 பதிப்போடுகூட ஒத்துப்போகாது என்று பார்வையாளர் ஒருவர் மைக்கில் சொன்னார். பேச்சாளர் விடவில்லை, அசல்தான் என்று வாதிட்டார். கடைசியில் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, எதிரே மைக்கில் நிற்பவர்தான் கார்ன் ஷெல்லை எழுதியவர் என்று சொல்ல வேண்டியதாயிற்று. எந்தப் பதிப்பு என்று கேட்காமல் பெயரை நம்புகிற யாரைப் பார்த்தாலும் எனக்கு அந்தப் பேச்சாளர் நினைவுக்கு வருவார்.

பதிப்பைக் கண்டுபிடிப்பதே ஒரு தனிக் கலை. பேஷ் ஒரு வேரியபிளில் தெளிவாகச் சொல்லிவிடும். கார்ன் ஷெல் 88-இல் ஈமேக்ஸ் திருத்த முறையைப் போட்டு கண்ட்ரோல்-வி அடிக்க வேண்டும்; பதிப்பு எண் என்று 1988 நவம்பர் 16 என்ற தேதியும் அதன் வாலில் ஓர் எழுத்தும் வரும். அந்த எழுத்துதான் விஷயம். டாஷ் எதுவுமே சொல்லாது; பேக்கேஜ் மேனேஜரைத்தான் கேட்க வேண்டும்.

டாஷ் வந்தபோது நடந்த கூத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கென்னத் ஆல்ம்குவிஸ்ட் 1989 வாக்கில் எழுதிய சிறிய ஷெல்லின் வழி வந்தது அது. சிறியது, வேகமானது. பூட் ஆகும்போது நூற்றுக்கணக்கான சின்ன ஸ்கிரிப்டுகள் ஓடுவதால் உபுண்டு அதை எஸ்எச் இடத்தில் வைத்தது. டெபியன் 2011-இல் 6.0 பதிப்பில் பின்தொடர்ந்தது. அதுவரை எஸ்எச் என்று எழுதிவிட்டுப் பேஷ் வழக்கங்களைத் தாராளமாகப் பயன்படுத்தியவர்கள் தலையில் எல்லாம் இடி விழுந்தது. உபுண்டு செய்தது சரி என்றே நான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். முதல் வரியில் எஸ்எச் என்று எழுதிவிட்டுப் பேஷை எதிர்பார்ப்பவர்தான் திருந்த வேண்டும்.

இருந்தாலும் டாஷ் தந்த ஊமைக்காயங்களைச் சொல்லாமல் விட முடியாது. பேஷில் வெளியீட்டையும் எரரையும் சேர்த்து ஒரு ஃபைலுக்குத் திருப்ப &> என்று சுருக்கமாக எழுதலாம். டாஷ் அதை இரண்டு துண்டாகப் படிக்கும். & வரை ஒரு கமாண்ட்: அதைப் பின்னணியில் ஓடவிடு. > முதல் இன்னொன்று: ஃபைலைக் காலியாக்கு. இரண்டுமே இலக்கணப்படி சரி, எரர் இல்லை, வெளியேறும் நிலை சுழி. ஒரு பேக்கப் ஸ்கிரிப்டில் இதைப் பார்த்தேன். டம்ப் எடுக்கும் கமாண்ட் பின்னணிக்குப் போய்விட, அடுத்த வரியில் இருந்த சுருக்கும் கமாண்ட் பாதி எழுதப்பட்ட டம்பைச் சுருக்கியது. லாக் ஃபைலைத் திறந்தால் காலி. பிரச்சினையே இல்லை என்று நினைக்கத் தோன்றும். டம்ப் சின்னதாக இருந்த நாட்களில் எல்லாம் சரியாகவே முடிந்ததுதான் இதில் கொடுமை.

சமன்பாட்டுச் சோதனை ஒற்றைச் சதுர அடைப்புக்குள் == போட்டு எழுதியிருந்தால் டாஷ் ஒரு எரரை முணுமுணுக்கும், ஆனால் நிற்காது. சோதனை தோல்வி என்று எடுத்துக்கொண்டு எல்ஸ் பக்கம் போய்விடும். க்ரானில் எரரை யாரோ ஏற்கெனவே நல் டிவைஸுக்குத் திருப்பியிருப்பார்கள். அரைக் கத்தல், காதில் விழாது.

எக்கோ கமாண்டைப் பற்றித் தொடங்கினால் இரவு விடிந்துவிடும். பெர்க்லி வழியில் அதற்கு வரி முறிக்காதே என்று சொல்லும் ஒரு விருப்பம் உண்டு. சிஸ்டம் ஃபைவ் வழியில் பின்சாய்வுக் கோட்டுச் சங்கேதங்கள் உண்டு. தரநிலை இரண்டையும் அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. பேஷ் வழக்கமாகப் பின்சாய்வுக் கோட்டை அப்படியே அச்சிடும். டாஷ் அதைப் பிரித்துப் பொருள் கொள்ளும். விண்டோஸ் பாதை ஒன்றை எக்கோ செய்து ஃபைலில் எழுதும் ஸ்கிரிப்டில், கோட்டுக்கு அடுத்த ஃபோல்டர் பெயர் சின்ன 'என்' எழுத்தில் தொடங்கினால் டாஷில் பாதை இரண்டு வரியாக உடையும். சோலாரிஸ் இன்னும் ஒரு படி மேலே: பாத் வரிசையில் பெர்க்லி கமாண்டுகள் இருக்கும் டைரக்டரி முன்னால் வருகிறதா என்று பார்த்து எக்கோ தன் குணத்தை மாற்றிக்கொள்ளும். லாகின் செய்த பாத் வேறு, க்ரானின் பாத் வேறு என்றால் கையால் ஓட்டும்போது ஒன்றும் இரவில் ஒன்றும் அச்சாகும். நான் எக்கோவை நிலையான வார்த்தைகளுக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். வேரியபிள் உள்ளே வந்தால் பிரிண்ட்எஃப்தான்.

வேறு ஷெல்லுக்குப் போகாவிட்டால் தப்பித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். பேஷுக்கும் பேஷுக்குமே ஆகாது. ரெட் ஹாட் 4-இல் இருந்தது பேஷ் 3.0, 5-இல் 3.2. இடையில் =~ ஒப்பீட்டின் வலப்பக்கம் மேற்கோளுக்குள் இருந்தால் அதை வடிவமாக எடுக்காமல் வெறும் எழுத்துகளாக எடுப்பது என்று 3.2 முடிவு செய்தது. மேற்கோள் போடுவதுதான் நல்ல பழக்கம் என்று கற்று, ஒழுங்காகப் போட்டவர்களின் ஸ்கிரிப்டுகள் எதையும் பொருத்தாமல் அமைதியாக ஓடின. வடிவத்தை ஒரு வேரியபிளில் வைத்து மேற்கோள் இல்லாமல் எழுதினால் எல்லாப் பதிப்பிலும் ஒன்றுபோல் நடக்கும்.

2022-இல் வந்த 5.2 இதைவிட நுட்பமானது. வேரியபிளுக்குள் ஒன்றைத் தேடி மாற்றும்போது, மாற்றுச் சொல்லில் & வந்தால் அதைப் பொருந்திய பகுதி என்று எடுத்துக்கொள்ளும் வசதி அதில் இயல்பாகவே இயங்குகிறது. ஹெச்டிஎம்எல் அறிக்கை எழுதும் ஸ்கிரிப்டுகள் < குறியை & தொடங்கும் சங்கேதமாக மாற்றுவது உண்டு. மேற்கோள் போடாமல் எழுதிய அந்த வரி உபுண்டு 22.04-இல் சரி; 24.04-இல் & இருக்க வேண்டிய இடத்தில் < திரும்ப வந்து நிற்கும். எதைத் தப்பிக்க வைக்க எழுதினோமோ அதுவே உள்ளே வருகிறது. இந்த மாற்றத்தை இயல்பாக இயக்கி அனுப்பியது சரியல்ல என்பது என் கட்சி.

மேக் வைத்திருப்பவர்கள் வேறு உலகம். பேஷ் 4.0 முதல் ஜிபிஎல்வி3 உரிமத்துக்குப் போய்விட்டதால் ஆப்பிள் 3.2-லேயே நின்றுவிட்டது, 2019-இல் கேட்டலினாவோடு ஸெட்ஷெல்லை டெர்மினலின் இயல்பு ஷெல்லாக ஆக்கியது. 3.2-இல் பெயரைத் திறவுகோலாகக் கொண்ட அர்ரே கிடையாது. அறிவிக்கும் வரியில் ஒரு எரர் வரும், ஸ்கிரிப்ட் தொடரும். அதன்பின் சென்னை, மதுரை, கோவை என்று எந்தப் பெயரில் மதிப்பைப் போட்டாலும், அந்தப் பெயரை எண்கணிதமாக மதிப்பிட்டு, அப்படி ஒரு வேரியபிள் இல்லாததால் சுழி என்று கொண்டு, எல்லாவற்றையும் சுழியாம் இடத்திலேயே எழுதும். யாரைக் கேட்டாலும் கடைசியாகப் போட்ட மதிப்பே பதில்.

ஸெட்ஷெல்லின் அர்ரே 1-இல் தொடங்குகிறது, பேஷுடையது 0-இல். இதையாவது பலர் அறிவார்கள். மாத எண் விஷயம் அப்படி இல்லை. ஸெட்ஷெல் கணக்கில் 08 என்பதை எட்டு என்றே எடுத்துக்கொள்ளும். பேஷ், முன்னால் சுழி இருந்தால் அது எண்ம எண் என்று நினைக்கும். எண்மத்தில் 8, 9 என்ற இலக்கங்களே கிடையாது. தேதி கமாண்ட் தரும் மாதத்தை அப்படியே கணக்கில் போட்ட ஸ்கிரிப்ட் மேக்கில் சோதித்தபோது கச்சிதம், லினக்ஸில் ஜனவரி முதல் ஜூலை வரை கச்சிதம், ஆகஸ்ட் முதல் தேதி படுத்துவிடும். செப்டம்பர் முடிந்து அக்டோபரில் தானாக எழுந்து உட்காரும். பேஷில் எண்ணுக்கு முன் 10# என்று சேர்த்தால் போதும். ஆகஸ்டில் வரும் தொலைபேசி அழைப்புகளுக்கு நான் முதலில் கேட்பது, "தேதியை எங்கயாவது கூட்டிக் கழிக்கிறீங்களா?" என்பதைத்தான்.

இப்போது வருகிற பிள்ளைகள் சோலாரிஸைப் பார்த்ததே இல்லை. அவர்களுக்கு அதே சண்டை கண்டெய்னருக்குள் நடக்கிறது. அல்பைன் இமேஜில் பேஷ் கிடையாது. எஸ்எச் இடத்தில் பிஸிபாக்ஸின் ஆஷ். முதல் வரியில் பேஷ் என்று இருக்கும் ஸ்கிரிப்டை ஓட்டினால் "கிடைக்கவில்லை" என்று ஸ்கிரிப்டின் பெயரைச் சொல்லும். ஃபைல் கண்ணெதிரே இருக்கிறது. கிடைக்காதது ஃபைல் அல்ல, முதல் வரியில் குறித்த ஷெல். இதற்கு ஒரு மதியத்தையே தொலைத்துவிட்டு வந்த தம்பியிடம், பேஷைச் சேர்த்து இமேஜைப் பெரிதாக்குவதா, ஸ்கிரிப்டைத் தரநிலைக்குள் எழுதுவதா என்று கேட்டேன். ஐம்பது வரிக்குள் இருந்தால், அர்ரே இல்லாமல் சமாளிக்க முடிந்தால், தரநிலை ஷெல்லுக்கு எழுதி டாஷில் ஓட்டிப் பார். அதற்கு மேல் போனால் முதல் வரியில் பேஷ் என்றே எழுதி, எந்தப் பதிப்பு வேண்டும் என்று இரண்டாம் வரியிலேயே சோதித்து, குறைவாக இருந்தால் வெளியேறு. நான் சொல்வது இவ்வளவுதான். எழுதியதை ஷெல்செக்கில் போட்டால், முதல் வரியைப் படித்து, இந்த ஷெல்லுக்கு இது ஆகாது என்று அதுவே பெரும்பாலானவற்றைக் காட்டிக்கொடுத்துவிடும். மாற்று மெஷினில் ஓட்டும் முன் நான் செய்வது இன்னொன்று: பழைய மெஷினில் அதே உள்ளீட்டைக் கொடுத்து வந்த வெளியீட்டையும் புதியதில் வந்ததையும் டிஃப் போட்டுப் பார்ப்பது. வெளியேறும் நிலையை நம்புவதில்லை.

அந்தத் தம்பியின் ஸ்கிரிப்டில் கடைசியாக மிஞ்சியது பைப்ஃபெயில். பைப்பின் நடுவில் ஒரு கமாண்ட் தோற்றாலும் மொத்தமும் தோல்வி என்று கொள்ளச் சொல்லும் விருப்பம் அது. பேஷில் 2004-இன் 3.0 முதல் உண்டு. பாசிக்ஸ் 2024 பதிப்பில்தான் சேர்த்துக்கொண்டது. அல்பைனின் ஆஷ் அதை ஏற்றுக்கொண்டது. அதே ஸ்கிரிப்டை டெபியன் 12-இன் டாஷில் போட்டதும் அந்த வரியிலேயே எரர் கொடுத்து நின்றது. "அதை எடுத்துடட்டுமா சார்?" என்றார். வேண்டாம் என்றேன், பைப்பை இரண்டாக உடைத்து, நடுவில் ஒரு தற்காலிக ஃபைல் வைத்து, ஒவ்வொரு கமாண்டின் நிலையையும் தனித்தனியாகப் பார்க்கச் சொன்னேன். ஏழு வரி கூடியது. இரண்டு இடத்திலும் ஓடுகிறது.